பாதுகாக்கப்பட்ட கசிவு

எங்கள் குடிநீர்ப் பிரிவு அலுவலகத்தில் புகார் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே துருப்பிடித்த குழாய்க் குவியல். யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டில் வரக் கூடாத இடத்தில் வருகிறது என்று போனில் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவேன். எழுதிய புகார் மேஜை மேஜையாகப் போய்ப் படுத்துத் தூங்கும். யாராவது நேரில் வந்து சத்தம் போட்டால் எழுந்து உட்காரும். அந்தப் பழைய முறையைப் புகழ்ந்து ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

போன வருடம் புது அதிகாரி வந்தார். எங்களுக்குள் அவர் பெயர் நேரலை. காலையில் அலுவலகக் கதவைத் திறப்பதைத் தன் போனில் நேரலையாகக் காட்டுவார். கதவைக் காவலாளி எட்டு மணிக்கே திறந்து வைத்திருப்பார். இவர் வந்து அதைச் சாத்தச் சொல்லிவிட்டு, முடியைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் திறப்பார். அவர் பின்னால் நாங்கள் சுறுசுறுப்பாக நடந்து உள்ளே போக வேண்டும். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டவர்கள் எழுந்து வெளியே வந்து, அப்புறம் சுறுசுறுப்பாக உள்ளே போக வேண்டும். இதில் தினமும் கால் மணி நேரம் போகும்.

வந்த முதல் வாரத்திலேயே சுவரில் இருந்த குழாய் வரைபடத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு டிவியை மாட்டினார். இனிமேல் புகாரெல்லாம் எங்கள் சமூக ஊடகப் பக்கத்தில்தான் வர வேண்டும். வந்த புகாரை ஊரே பார்க்கும். ஒருவர் லைக் போட்டால் ஒரு டிகிரி, கமெண்ட் எழுதினால் இரண்டு, பகிர்ந்தால் ஐந்து. இதற்கு அவர் வைத்த பெயர் சூடு. காலை ஒன்பது மணிக்கு டிவியில் யாருடைய சூடு அதிகமோ, அந்த முதல் மூன்று புகாருக்குத்தான் வேலை எண் கிடைக்கும். வேலை எண் இல்லாமல் ஸ்டோரில் ஒரு வாஷர்கூடத் தர மாட்டார்கள். தெருவின் வால்வை மூடுகிற நீளச் சாவியையும் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். வேலை எண்ணை அழுத்தினால்தான் அந்தப் பெட்டி திறக்கும்.

"எது அவசரம்னு சொல்ல நாம யாரு மேடம்? மக்கள் முடிவு பண்ணட்டும்," என்றார்.

மக்களும் முடிவு பண்ணினார்கள். ஒரு நடிகை குடியிருக்கும் தெருவில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தது என்று முதல் நாளே பன்னிரண்டாயிரம் டிகிரி. மூன்றாவது வார்டில் நாற்பது வீட்டுக்கு நான்கு நாளாகத் தண்ணீரே இல்லை. அந்தப் புகார் ஒன்பது டிகிரியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. காய்ந்த குழாயைப் படம் எடுத்துப் போட்டால் அதில் ஜனங்கள் பார்க்க என்ன இருக்கிறது? நான்காம் நாள் அந்த வார்டுக்காரர் ஒருவர் குழாய்க்கு மீசை வரைந்து படம் போட்ட பிறகுதான் எண் கிடைத்தது.

எங்கள் ஃபிட்டருக்குப் பட்டப்பெயர் ஸ்பேனர். நல்ல வேலைக்காரர், பேச்சு அளந்துதான் வரும். அவரையும் விடாமல் பயிற்சி வகுப்பில் உட்காரவைத்தார்கள். வேலைக்கு முன்னால் ஒரு செல்ஃபி, முடிந்த பிறகு ஒரு செல்ஃபி, இரண்டிலும் சிரிப்பு கட்டாயம். கிரீஸ் ஊறிய அவர் விரலை அந்தப் போன் விரலாகவே ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மூக்கால் அழுத்தப் பழகினார். அதனால் அவர் எடுத்த படங்களில் மூக்குத்தான் இருக்குமே தவிர, சரிசெய்த குழாய் எங்கேயும் தெரியாது. அதற்கும் ஐம்பது பேர் லைக் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைக் கிண்டல் பண்ண எனக்கு என்ன யோக்கியதை? இலாகாவின் பக்கத்தில் எழுதுகிற பொறுப்பை நேரலை என் தலையில் கட்டினார். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்தேன். ஒருநாள் விளையாட்டாக, 'உங்கள் வீட்டுக் குழாய் ராத்திரியில் முனகினால் பயப்படாதீர்கள், அதற்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை' என்று எழுதிப் போட்டேன். நான்காயிரம் பேர் இதயம் போட்டார்கள். பதினெட்டு வருடம் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், ஒரு மனுஷன் அதைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நாற்பது தடவை போனை எடுத்துப் பார்த்திருப்பேன்.

அப்புறம் ருசி ஏறிவிட்டது. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதைத் தண்ணீரோடு முடிச்சுப் போட்டு அரை மணிக்குள் எழுதிவிட வேண்டும், தாமதித்தால் வேறு இலாகாக்காரன் முந்திவிடுவான். தேர்தல், கால்பந்து, யாரோ ஒரு பாடகரின் விவாகரத்து, எதையும் நான் விட்டுவைக்கவில்லை. மின்சார இலாகாவின் பக்கத்தில் எழுதுகிறவருக்கும் எனக்கும் ஒரு பனிப்போரே நடந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், நாட்டு நடப்பு தெரியாமல் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தான் கண்ணால் பார்க்காத ஒரு நாட்டின் அணைக்கட்டைப் பற்றித் தெரியாத ஒருவரோடு மூன்று மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுத் தோட்டக் குழாய் ஒழுகுவதை இன்றுவரை இரண்டு பேரும் சரிசெய்யவில்லை.

இந்த லட்சணத்தில் நான் இருக்கும்போதுதான் அக்கா போன் பண்ணினாள்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். தனியாக இருக்கிறாள். முன் அறையில் தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த பையைத் தைப்பது என்று சின்னச் சின்ன வேலை செய்கிறாள். அந்தப் பழைய வீடு ஒன்றுதான் அவளுக்கென்று இருப்பது. என் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். வாசலை ஒட்டி ரோட்டோரத்தில் தண்ணீர் ஊறி வருகிறது, முன் அறைச் சுவர் கீழே ஈரமாக இருக்கிறது, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள். போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.

அவள் போன் பேசுவதற்கு மட்டும்தான் உதவும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் எடுத்து அனுப்பினாள். பாதிப் படத்தில் சுவர், மீதிப் பாதியில் அவள் கட்டைவிரல். நானே அவள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, புகாரை நல்ல தமிழில் எழுதி, பக்கத்தில் ஏற்றினேன். நான் ஒரு லைக், வீட்டுக்காரர் ஒரு லைக், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு லைக். மூன்று டிகிரி, அறுபத்தொன்றாவது இடம். என் தங்கச்சி ஆபீஸிலேயே இருக்கிறாள் என்று அக்கா தெருவில் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

தினமும் அவள் போன் பண்ணிச் சுவரைப் பற்றிச் சொல்வாள், நான் சூட்டைப் பற்றிச் சொல்வேன். ஈரம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது என்பாள். ஐந்து டிகிரி ஆகியிருக்கிறது என்பேன். காரை பெயர்ந்து விழுகிறது என்பாள். நேற்றைக்கு ஒரு அமைச்சர் வழுக்கி விழுந்த வீடியோ வந்துவிட்டதால் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். அப்படியா என்று கேட்டுக்கொள்வாள். எதற்காக அமைச்சர் விழுந்தால் தன் சுவர் காத்திருக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கும் அது கேள்வியாகவே தோன்றவில்லை.

ஸ்பேனர் அக்காவின் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். ஒருநாள் தானாகவே இறங்கி, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். "மெயின் லைன்லயே விரிசல்மா. மேல வர்றது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அடியில போகுது. ஒரு கிளாம்ப் போட்டா முடிஞ்சுது, ஒரு மணி நேர வேலை. நம்பர் மட்டும் வாங்கிக் குடுங்க."

நேரே நேரலையிடம் போனேன். வீடு யாருடையது என்பதையும் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை, முகம் வாடத்தான் செய்தது. எவ்வளவு சூடு என்று கேட்டார், ஐந்து என்றேன். ஐந்தை வைத்துக்கொண்டு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதிலும் சொந்தக்காரர்கள் என்றால் நான் பத்தடி தள்ளியே நிற்பது நல்லதாம், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் இலாகாவின் மானம் போய்விடுமாம். சொல்லிவிட்டு, இன்றைக்கு ஏதோ உலகத் தண்ணீர்க் குமிழி நாளாமே, அதைப் பற்றி இன்னும் எழுதவில்லையா என்று கேட்டார். எழுதினேன்.

அந்த வாரம் டிவியில் முதல் இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. பூங்காவில் சொட்டுகிற ஒரு குழாய். பழுப்பு நிறப் பூனை ஒன்று, ஒரு காது பாதிதான் இருக்கும், தலையைச் சாய்த்து அந்தச் சொட்டை நாக்கில் பிடிக்கிறது. யாரோ அதை வீடியோ எடுத்து, போகிற போக்கில் தண்ணீர் வீணாகிறது என்று ஒரு வரி எழுதி எங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார். நாற்பத்தெட்டாயிரம் டிகிரி. கம்ப்யூட்டருக்குப் பூனையா தெரியும், சூடுதான் தெரியும். வேலை எண் கொடுத்துவிட்டது. ஸ்பேனர் போய் வாஷரை மாற்றினார். வாஷருக்கு நான்கு நிமிடம், செல்ஃபிக்கு ஆறு நிமிடம் ஆனதாகச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் ஊர் பற்றிக்கொண்டது. வாயில்லா ஜீவனின் வாயிலிருந்து தண்ணீரைப் பறித்த இலாகா என்று திட்டித் தீர்த்தார்கள். எந்த ஊர் என்றே தெரியாதவர்கள்கூட எங்களைச் சிறையில் போடச் சொன்னார்கள். நேரலை கையில் ஒரு கிண்ணத்தோடு நேரலையில் தோன்றி மன்னிப்புக் கேட்டார், குரல் தழுதழுத்தது. லட்சத்துப் பத்தாயிரம் டிகிரி. மறுநாள் காலை ஸ்பேனருக்கு ஒரு வேலைச் சீட்டு வந்தது. அதில் 'கசிவை மீட்டமைத்தல்' என்று எழுதியிருந்தது.

ஸ்பேனர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோ சொட்டணும் சார்?" என்று கேட்டார்.

வீடியோவில் இருந்தபடியே சொட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அவர் அந்த வீடியோவை ஓடவிட்டு, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எண்ணினார். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. முப்பது வருடமாக ஒழுகலை நிறுத்தியே பழகிய கை, புது வாஷரைக் கத்தியால் கீறிக் கீறி இருபத்திரண்டுக்குக் கொண்டுவர அரை நாள் ஆனது. முதலில் இருபத்தெட்டு சொட்டியதாம், அது இயற்கையாக இல்லை என்று யாரோ கமெண்ட் போட்டார்களாம். எல்லாம் சரியான பிறகும் பூனை மட்டும் வரவில்லை. அது ஸ்பேனரின் சாப்பாட்டு டப்பாவில் இருந்த மீனின் பின்னாலேயே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஸ்டோர் அலமாரிக்கு அடியில் குடியேறிவிட்டிருந்தது. ஊரெல்லாம் பூனையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது இருக்கும் இடத்தை ஸ்பேனர் என்னிடம் மட்டும் சொன்னார்.

நானும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றைக்கு அக்காவின் சுவரில் கீழிருந்து மேலாக ஒரு விரிசல் விட்டிருந்தது. போனில் சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை. எனக்கு அறிவு அப்போதுதான் பொங்கி வழிந்தது. சூடு கேட்கிறார்கள், அவ்வளவுதானே?

மறுநாள் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, பூனையை ஒரு மூடு கூடைக்குள் போட்டு, பஸ் ஏறினேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், நடுவில் இருபது நிமிடம் பூனைக்கு. அக்கா வீட்டு வாசலோரம் தண்ணீர் சின்னக் குட்டையாகத் தேங்கி, வெயிலில் அழகாகத்தான் இருந்தது. பூனையை அதன் ஓரத்தில் இறக்கினேன். அது தண்ணீரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்தது. குனிந்து, மண்டியிட்டு, குட்டையின் ஓரத்தில், கையோடு கொண்டுபோயிருந்த மீன் குழம்பைக் கொஞ்சம் தடவினேன். பதினேழு படம் எடுத்ததில் ஒன்றே ஒன்றில் நாக்கு சரியாக விழுந்திருந்தது. அக்கா வீட்டுக் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு வேலை நடக்கும்போது நல்ல சேதியோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பூனையைக் கூடைக்குள் அடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அக்காவின் புகாரில் அந்தப் படத்தைச் சேர்த்தேன். 'தேடிய பூனை கிடைத்துவிட்டது, உடைந்த குழாயைத்தான் யாரும் தேடவில்லை' என்று ஒரு வரி எழுதினேன். அலுவலகத்தில் இறங்குவதற்குள் ஆறாயிரம் டிகிரி. சாயங்காலம் எண்பதாயிரம், முதல் இடம். அன்று எனக்கு உண்டான சந்தோஷம் அக்காவுக்காகவா, அந்த வரிக்காகவா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

காலையில் ஒன்பது மணிக்கு முன்பே போய் டிவிக்கு எதிரே நின்றேன். இரண்டு லட்சம் டிகிரி. எதற்காக என்று கமெண்ட்களைப் படிக்கப் படிக்கத்தான் எனக்குத் தலை சுற்றியது. ஒருவராவது குழாயைச் சரிசெய்யச் சொல்லவில்லை. இந்தத் தண்ணீரிலும் கை வைத்துவிடாதீர்கள், பூனை தானாகக் கண்டுபிடித்த இடம் இது, இதையாவது விட்டுவையுங்கள் என்று முப்பத்தோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பூங்காக் குழாயில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஊரில் வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். ஒழுகலை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டு, அதே பூனையைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

நேரலை ஒரு முறை சூடு பட்டவர். இந்த முறை முந்திக்கொண்டார். அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட கசிவு என்று அறிவித்தார். சுற்றி இரும்புத் தடுப்பு, நடுவில் ஒரு பலகை, கம்பத்தில் இருபத்து நாலு மணி நேரமும் படம் காட்டுகிற ஒரு கேமரா. அவ்வளவுக்கும் உடனே வேலை எண் கிடைத்தது.

"சார், அதை ஒட்டி ஒரு வீடு இருக்கு," என்றேன்.

"வீடு ஃப்ரேம்ல வராது மேடம், பாத்துட்டேன்," என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பூனையைக் கொண்டுபோனது நான், இது எல்லாமே என் வேலை என்று சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், மானம் போயிருக்கும், பக்கமும் போயிருக்கும். இந்த மூன்றில் எது பெரியதாகத் தெரிந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். அறிவிப்பை நீங்களே எழுதிவிடுங்கள், உங்களுக்குத்தான் கை வரும் என்று நேரலை சொன்னார். உட்கார்ந்து எழுதினேன். 'எல்லாக் கசிவையும் அடைத்துவிடக் கூடாது, யாரோ ஒருவருக்கு அதுதான் ஊற்று.' அந்த மாதத்தில் அதிக இதயம் வாங்கியது அதுதான். மின்சார இலாகாக்காரர்கூடக் கைதட்டுகிற படம் ஒன்று போட்டார்.

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். குட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பூனை அங்கே இல்லை என்பது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை, இப்போதுதான் போயிருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சிலர் தங்கள் வீட்டுப் பூனையையே கொண்டுவந்து இறக்கிப் பார்த்தார்கள். சாய்ந்து நின்றால் படம் நன்றாக விழுகிறது என்று அக்கா வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். சட்டை முதுகு ஈரமாகிவிட்டது என்று ஒருவர் எங்கள் பக்கத்தில் புகாரும் கொடுத்தார். அதற்கு எழுநூறு டிகிரி கிடைத்தது.

புதன்கிழமை ஸ்பேனர் என் மேஜைக்கு வந்து நின்றார். தடுப்பைப் பார்க்கப் போனவர் மறுபடியும் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

"மேல தண்ணி கொறஞ்சிருக்கும்மா. அப்படின்னா அடியில மண்ணு கரைஞ்சு வழி கிடைச்சிருச்சுன்னு அர்த்தம். அக்காவ அந்த ரூம்ல உக்காரவேணாம்னு சொல்லுங்க."

உடனே அக்காவுக்குப் போன் பண்ணினேன். முன் அறையில் இருக்காதே, மெஷினை உள்ளே தள்ளிக்கொள் என்றேன். அது இரும்பு மெஷின், தன்னால் ஒற்றை ஆளாகத் தள்ள முடியவில்லை, மூட்டு வலி, நீ வந்து ஒரு கை பிடி என்றாள். வாசலில் படம் எடுக்க வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாளாம், அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய துணி பன்னிரண்டு இருக்கிறது, அதை முடித்துவிடுகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறேன் என்றேன். அந்த வாரம் ஏதோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்திருந்தது, எனக்கு எழுதக் கை கொள்ளாத வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அலுவலகத்தில் எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேமராவில் குட்டை மட்டும்தான் தெரிந்தது. திடீரென்று தண்ணீர் நடுங்கியது. இடது பக்கத்திலிருந்து புழுதி வந்து படத்தை மூடியது. சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. நேரலை சொன்னது சரிதான், வீடு ஃப்ரேமில் வரவேயில்லை.

புழுதி அடங்குவதற்குள் கமெண்ட்கள் ஓட ஆரம்பித்தன. பூனை? பூனை எங்கே? பூனைக்கு ஒன்றும் ஆகவில்லையே? யாராவது பூனையைப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் நான்காயிரம் பேர் அழுதார்கள். அந்த வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். அவருக்கு ஒரு லைக்கூட விழவில்லை. நேரலை வியர்த்துக்கொட்டி என்னிடம் ஓடிவந்து, பூனை பத்திரமாக இருக்கிறது என்று உடனே போடச் சொன்னார். அது உண்மைதான். பூனை ஸ்டோர் அலமாரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. என் கை அந்த வரியை எழுதவில்லை. அவரே எழுதிப் போட்டுக்கொண்டார், ஐந்து லட்சம் பேர் நிம்மதியடைந்தார்கள்.

அதற்குள் ஸ்பேனர் சாவிப் பெட்டியைச் சுத்தியலால் இரண்டு போடு போட்டு உடைத்திருந்தார். வால்வுச் சாவியையும் ஒரு கிளாம்ப்பையும் எடுத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போவதற்குள் தெருக்காரர்கள் அக்காவை வெளியே தூக்கி, எதிர் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். சுவர் மெஷின் மேலேயே சரிந்திருந்தது. அந்த இரும்பு மெஷின்தான் குறுக்கே நின்று பாரத்தைத் தாங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் கதையே வேறு. அவளுடைய வலது கை முழங்கைக்கு மேல் இரண்டு இடத்தில் உடைந்து, தோள் இறங்கித் தொங்கியது. முகமெல்லாம் சுண்ணாம்புப் புழுதி. தைத்து மடித்து வைத்த பன்னிரண்டு பேன்ட்டும் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. ஸ்பேனர் வால்வை மூடினார், பள்ளம் தோண்டினார், கிளாம்ப்பை மாட்டினார். அவர் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வேலை எண் இல்லாமல் அரசுப் பொருளை எடுத்ததற்கும் பெட்டியை உடைத்ததற்கும் திங்கட்கிழமை அவருக்கு மெமோ வந்தது.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டுக் கட்டில் போட்ட பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. தோளிலிருந்து விரல் வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். கை கூடிவிடும், ஆனால் ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளிடமே சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் அதை வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னாள். பக்கத்துக் கட்டில் பெண்மணி போனில் பூனை பிழைத்த செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களுக்கும் காட்டினார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பூனையைக் கூடையில் கொண்டுவந்தது நான், படம் எடுத்தது நான், கசிவைப் பாதுகாக்கிற அறிவிப்பை எழுதியதும் நான்தான், உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவள் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கூடையோட வந்தது தெரியும்டி. ஜன்னல்ல இருந்து பாத்தேன். ரோட்டோரமா குனிஞ்சுக்கிட்டு இருந்தே. ஒருவழியா வந்துட்டா, சுவரைப் பாக்கத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். மெஷினை நிறுத்திட்டு டீக்குத் தண்ணி வச்சேன்," என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தண்ணி வத்துற வரைக்கும் அடுப்பை அணைக்கல," என்றாள்.